மரச் சாமானுக்கு மெருகு: வாசகர் கேள்வி பதில்

தீபாவளிக்கு வீட்டைச் சீர்செய்யும் நேரம் என்பதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வார்னிஷ், எண்ணெய், பாலிஷ் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

ஊரிலிருந்து வந்த தேக்கு ஊஞ்சல் பலகையைத் தேய்த்து, எண்ணெய் வகை பாலியுரேத்தேன் வார்னிஷ் இரண்டு கோட் அடித்தேன். 8 மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. பத்து நாளாகியும் உட்கார்ந்தால் வேட்டி ஒட்டுகிறது. போலிச் சரக்கா? (ஈசூன் வாசகர்)

சரக்கின் மேல் பழி போட வேண்டாம். காரணம் பெரும்பாலும் தேக்குதான். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதைக் கரையானிலிருந்தும் அழுகலிலிருந்தும் காப்பாற்றும் சேர்மங்களும் அதில் இருக்கின்றன. வார்னிஷுக்கு எதிரி அவைதாம்.

எண்ணெய் வகை வார்னிஷ் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போகும். பிறகு மிச்சமுள்ள பிசின் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்து இறுகும். தேக்கின் சேர்மங்கள் இந்த இரண்டாம் கட்டத்தைத் தடுத்துவிடும். மரத்தை ஒட்டிய அடிப்பகுதி வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடப்பது அதனால்தான். மேலே இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். இறுகாத அடித்தளத்தின் மேல் எதை அடித்தாலும் சுருங்கி வெடிக்கும்.

நம் ஊர்க் காற்றுக்கும் இதில் பங்குண்டு. டப்பாவில் அச்சிடும் நேரம் ஏறத்தாழ 23 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக்குக் கணக்கிட்டது. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். ஆகவே டப்பா சொல்லும் நேரத்தை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பலகையைக் காற்றோட்டமான இடத்தில் இன்னும் ஒரு வாரம் வையுங்கள். பிறகு கண்ணில் படாத மூலையில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் பதியவில்லை என்றால் தப்பித்தீர்கள். பதிந்தால் முழுவதையும் எடுத்துவிட வேண்டியதுதான். மணல்தாளைப் போடாதீர்கள், பிசின் சூடேறி உருண்டு தாளை அடைத்துக்கொள்ளும். குழம்புப் பதத்தில் விற்கும் பெயின்ட் ரிமூவரை 2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். பிளாஸ்டிக் சுரண்டியால் மரத்தின் வரியோட்டத்திலேயே வழித்தெடுங்கள். மிச்சத்தை நைலான் தேய்ப்பானில் தின்னர் தொட்டுத் துடைக்கலாம். இரும்புக் கம்பிப் பஞ்சு மட்டும் வேண்டாம். அதன் துகள் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புப் புள்ளி விழும்.

ஒரு நாள் உலரவிட்டு 120, அடுத்து 180 எண் தாளால் தேய்த்து அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் மழமழப்பாக்கினால் தேக்கில் பூச்சுக்குப் பிடிமானம் குறையும். இனித்தான் முக்கியமான வேலை. வெள்ளைப் பருத்தித் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடையுங்கள். முதல் துணி தேநீர் நிறத்துக்கு மாறும். துணியை மாற்றி மாற்றி, வெளிர்மஞ்சளாக வரும்வரை துடைக்க வேண்டும். மறுநாள் வரை விட்டால் உள்ளேயிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே கசிந்துவிடும், ஆகவே அரை மணி நேரத்துக்குள் முதல் பூச்சைப் போட்டுவிடுங்கள். சாமி விளக்கு, அடுப்பு, ஊதுவத்தி எல்லாம் அணைந்திருக்கட்டும். அசிட்டோன் ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தீயைத் தொடக்கூடியது.

முதல் பூச்சு வார்னிஷாக இல்லாமல் மெழுகு நீக்கிய ஷெல்லாக் அரக்காக இருந்தால் கவலையே இல்லை. மரத்தின் எண்ணெயும் வார்னிஷும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் அது சுவர் எழுப்பிவிடும். அரை லிட்டர் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் (எரிசாராயம்) 60 கிராம் அரக்குச் செதில்களை இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டினால் போதும். ஒரு கை அடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். அதன் மேல் வார்னிஷ் மூன்று கோட். முதல் கோட்டில் மட்டும் 10 விழுக்காடு ஒயிட் ஸ்பிரிட் (பெட்ரோலிய வகைத் தின்னர்) கலந்து இளக்குங்கள்.

அடுத்த கோட்டுக்கு நேரம் வந்துவிட்டதா என்று கடிகாரத்தைக் கேட்பதைவிட மணல்தாளைக் கேட்பது மேல். 320 எண் தாளால் ஓரத்தில் மெல்ல நான்கு தேய்ப்பு. வெள்ளை மாவாக உதிர்ந்தால் அடிக்கலாம். தாளில் குருணை குருணையாக ஒட்டினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

150 செ.மீ. நீளமும் 55 செ.மீ. அகலமும் உள்ள பலகைக்கு இரு பக்கமும் விளிம்பும் சேர்த்து ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் வரும் என்று வைத்தால் மூன்று கோட்டுக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். சங்கிலி மாட்டும் துளைகளின் உட்புறத்தை மறக்காதீர்கள், ஈரம் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான். கடைசிக் கோட்டுக்குப் பின் மூன்று வாரம் பொறுத்து ஊஞ்சலை மாட்டுங்கள்.

உள்ளதைச் சொன்னால், வீட்டுக்குள் தொங்கும் தேக்குப் பலகைக்குக் கண்ணாடிபோல் வார்னிஷே தேவையில்லை. எண்ணெய் போதும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம்.

அப்படியானால் டேனிஷ் எண்ணெய் எப்படிப் பூசுவது? பூசிய துணி தானாகவே தீப்பிடிக்கும் என்று அலுவலக நண்பர் பயமுறுத்துகிறார். (செங்காங் வாசகி)

நண்பர் சொல்வது சரி. ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய், இவற்றைச் சேர்த்துச் செய்யும் டேனிஷ் எண்ணெய் ஆகியவை ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகும்போது சூட்டை வெளிவிடும். பலகையில் அந்தச் சூடு பரவிப் போய்விடும். கசக்கிப் போட்ட துணிக்குள் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் புகையத் தொடங்கும். அந்தத் துணியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குப்பைக் குழாயில் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வேலை முடிந்த கையோடு துணிகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். துணி காயப்போடும் மூங்கில் கழி இதற்கு வசதி. அட்டைபோல விறைத்தபின் குப்பையில் போடலாம். அதற்கு இடமில்லை என்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, துணியை முழுக்க அமிழ்த்தி மூடிவிடுங்கள். எண்ணெய் வகை வார்னிஷ் துடைத்த துணிக்கும் இதே விதி. நீர் வகைப் பூச்சுக்கும் கனிம எண்ணெய்க்கும் இந்த ஆபத்து இல்லை.

பூசுவது எளிது. தாராளமாகத் தடவி, 15 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் துடைத்தெடுங்கள். மறுநாள் இரண்டாவது முறை, அதற்கடுத்த நாள் மூன்றாவது. துடைக்காமல் விட்டால் ஊஞ்சல் வாசகரின் கதிதான். கொதிக்கவைக்காத பச்சை ஆளி விதை எண்ணெயை வாங்கிவிடாதீர்கள். இந்த ஈரத்தில் அது லேசில் காயாது, பூஞ்சைக்குத் தீனியாகும்.

புத்தக அலமாரிக்கு ஸ்பிரே லாக்கர் அடித்தேன். மாலையில் மழைக்குப் பிறகு அடித்த கதவுகள் மட்டும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டன. (புக்கிட் பாத்தோக் வாசகர்)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: மழைக்குப் பிறகு. லாக்கரின் கரைப்பான் மிக விரைவாக ஆவியாகும். அப்போது பரப்பு குளிரும். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் பனி படியும் புள்ளி ஏறத்தாழ 26 டிகிரி. பரப்பு நான்கு டிகிரி குளிர்ந்தாலே நீர்த்துளிகள் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். அதே வெப்பத்தில் ஈரப்பதம் 60 ஆக இருந்தால் அந்தப் புள்ளி 21 டிகிரி பக்கம் போய்விடும், பயமில்லை.

சுரண்ட வேண்டாம். வெயில் அடிக்கும் பிற்பகலில், வெளுத்த இடத்தின் மேல் ரிடார்டர் தின்னரை, அதாவது மெதுவாக ஆவியாகும் தின்னரை, மெல்லிய சாரலாகத் தெளியுங்கள். பூச்சு சற்றே இளகி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, தெளிந்துவிடும். ஒழுகும் அளவுக்குத் தெளிக்காதீர்கள். இனி லாக்கர் அடிப்பதைக் காலை 11 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் இடையே, மழை வராத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 20 வெள்ளிக்குள் கிடைக்கும் சிறிய ஈரமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் லாக்கர் டப்பாவைத் தொடாதீர்கள்.

மகனின் படிப்பு மேசைக்குப் பூச்சு போடாத ரப்பர் மரப் பலகை, 120 செ.மீ.க்கு 60 செ.மீ., வாங்கியிருக்கிறோம். எண்ணெய் வகையா, நீர் வகையா? சிறிய வீடு, வாடை தாங்காது. (பொங்கோல் வாசகி)

நீர் வகை பாலியுரேத்தேன். இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். வாடை குறைவு, ஒரே நாளில் மூன்று கோட்டும் முடிந்துவிடும், ரப்பர் மரத்தின் வெளிர்நிறமும் மாறாது. எண்ணெய் வகை கொஞ்சம் மஞ்சளாக்கும். தேக்குக்கு அது அழகு, ரப்பர் மரத்தில் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும்.

குளிர்சாதன அறையில் வைத்துப் பூசலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். நீர் வகை என்றால் தாராளமாக. ‘டிரை’ முறையில் ஓடவிட்டால் ஈரப்பதம் இறங்கும், பூச்சு சீராகக் காயும். எண்ணெய் வகையையோ லாக்கரையோ அப்படி மூடிய அறையில் பூசாதீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் இயந்திரம் அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுவது, ஆவியை வெளியே தள்ளாது.

முதலில் 120, பிறகு 180, பிறகு 220 எண் தாள். ஒவ்வொன்றும் முந்தைய தாளின் கீறலை முழுக்க அழித்தபின்தான் அடுத்தது. நீர் வகைப் பூச்சு பட்டதும் மரத்தின் நார் சிலிர்த்துக்கொள்ளும். அதை முன்கூட்டியே சிலிர்க்கவிட்டுச் சீவிவிடுவது நல்லது: ஈரத்துணியால் முழுப் பலகையையும் துடைத்து, இரண்டு மணி நேரம் உலரவிட்டு, 320 எண் தாளைக் கையில் பிடித்து, அழுத்தாமல் ஒருமுறை ஓட்டுங்கள். உள்ளங்கையால் தடவினால் தாடி முள்போல் எதுவும் தட்டுப்படக் கூடாது.

டப்பாவைக் குலுக்காதீர்கள், குச்சியால் அடிவரை கிளறுங்கள். பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கியிருக்கும். கிளறாமல் பூசினால் முதல் கோட் மின்னும், டப்பா காலியாகும் நேரத்துக் கோட் மங்கும். குலுக்கினாலோ நுரை கட்டி, குமிழி குமிழியாகக் காயும். வேண்டிய அளவைக் கிண்ணத்தில் வடிகட்டி ஊற்றிக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் செயற்கை இழைத் தூரிகை வாங்குங்கள். பன்றிமுடித் தூரிகை தண்ணீரில் ஊதிவிடும். இழையின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைத்து, வரியோட்டத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளமாக இழுங்கள். இரண்டு நிமிடத்துக்கு முன் பூசிய இடத்தில் விட்டுப்போனது தெரிந்தாலும் கையை வைக்காதீர்கள். அது இறுகத் தொடங்கியிருக்கும், தூரிகைத் தடம் அப்படியே நிற்கும். அடுத்த கோட்டில் சரியாகிவிடும்.

கோட்டுக்குக் கோட் மூன்று நான்கு மணி நேரம். முதல் இரண்டு கோட்டுக்குப் பின் 320 தாளால் லேசாகத் தேய்த்து, பொடியை ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுழலட்டும். பலகையைப் பார்த்து வீசினால் மேல்தோல் மட்டும் காயும், தூசியும் வந்து உட்காரும்.

எல்லாரும் விடும் பகுதி பலகையின் அடிப்பக்கம். மேலே மூன்று கோட், கீழே ஒன்றுமில்லை என்றால் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தை வாங்கி வாங்கி விட்டுக்கொண்டிருக்கும். பலகை வளைந்து தொட்டில்போல் ஆகிவிடும். இந்த ஊரில் அது இன்னும் வேகமாக நடக்கும். 80 விழுக்காடு ஈரப்பதத்தில் மரத்துக்குள் ஏறத்தாழ 16 விழுக்காடு ஈரம் நிற்கும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் 10, 11க்கு இறங்கும். 60 செ.மீ. அகலம் சில மில்லிமீட்டர் சுருங்கும், விரியும். பூச்சு அதைத் தடுக்காது, மெதுவாக்கும். ஆகவே இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பூசுங்கள். காலோடு பலகையைப் பிணைக்கும் திருகாணித் துளையை வட்டமாக அல்லாமல் அகலவாட்டில் நீள்துளையாக்குங்கள். இல்லையென்றால் நடுவில் விரிசல் விடும்.

இரு பக்கத்துக்கும் மூன்று கோட் என்றால் அரை லிட்டர் பிடிக்கும். மூன்றாம் நாள் புத்தகம் வைக்கலாம். சூடான குவளை, ஈரத்துணி, கணினித் திரையின் ரப்பர் கால் எல்லாம் ஒரு மாதம் கழித்து. முழுக்க இறுகாத பூச்சில், ரப்பர் காலை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் இறங்கி, அழியாத வட்டம் போட்டுவிடும்.

பூஜை மாடத்தில் இருபது வருடமாக விளக்கில் ஊற்றிய எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்திருக்கிறது. அதன் மேலேயே வார்னிஷ் அடிக்கலாமா? (தெம்பனிஸ் வாசகி)

அடித்தால் பூச்சு முழுக்க அம்மைத் தழும்புபோல் குழி விழும். எண்ணெய் இருக்கும் இடத்தை விட்டு வார்னிஷ் விலகி ஓடும். நல்லெண்ணெய் முழுதாகக் காயாத எண்ணெய், நெய்யும் தேங்காய் எண்ணெயும் காயவே காயாதவை. இருபது ஆண்டாகியும் அவை ஈரமாகவே மரத்துக்குள் இருக்கும்.

முதலில் கரியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுங்கள். ஈரத்துணியை முதலில் போட்டால் கரி மையாகி இழைகளுக்குள் இறங்கும். பிறகு ஒயிட் ஸ்பிரிட் நனைத்த துணி. தூண்களின் செதுக்கலுக்குள் பல் துலக்கும் தூரிகை. துணி அழுக்கில்லாமல் வரும்வரை விடாதீர்கள். அடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் உலர்த்துங்கள். விளக்கு வைக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவி இறங்கினால் சுத்தம். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ இன்னும் இருக்கிறது.

மஞ்சள் கறைக்கு எதையும் தேய்க்க வேண்டாம். மாடத்தை வெயில் படும் சன்னலோரம் சில நாள் வையுங்கள். மஞ்சளின் நிறமி வெளிச்சத்தில் தானே வெளிறும். குங்குமக் கறை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் பெரும்பாலும் இளகும். ஆனால் அது பிரெஞ்சு பாலிஷ் எனும் பழைய அரக்குப் பூச்சையும் கரைத்துவிடும், ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

எண்ணெய் ஆழமாக ஊறிய இடத்துக்கு ஊஞ்சல் வாசகருக்குச் சொன்ன அரக்குப் பூச்சை இரண்டு கை அடியுங்கள். மேலே பாலியுரேத்தேன், மங்கல் வகை. அரக்கையே மேல்பூச்சாக விடக்கூடாது, சூடு தாங்காது. பாலியுரேத்தேனும் தீயைத் தாங்காது என்பதால் விளக்கின் கீழ் பித்தளைத் தட்டோ கருங்கல் ஓடோ வையுங்கள். சுடருக்கு மேல் அரை மீட்டராவது வெற்றிடம் வேண்டும். இன்னொன்று: லாக்கர் பூசிய இழுப்பறையில் கற்பூரம் வைக்காதீர்கள். பல லாக்கர்களின் அடிப்படைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸை இளக்கி செல்லுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்) செய்ய ஒரு காலத்தில் பயன்பட்டதே கற்பூரம்தான். உங்கள் இழுப்பறைப் பூச்சும் அதேபோல் இளகக்கூடும்.

மேற்கு வெயில் படும் வாசற்கதவு, நியாத்தோ மரம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வார்னிஷ் அடித்தும் செதில் செதிலாக உரிகிறது. (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

உட்புற வார்னிஷை வெளியே அடித்திருப்பீர்கள். நிறமில்லாத பூச்சின் வழியாக வெயிலின் புற ஊதாக் கதிர் நேராக மரத்துக்குப் போய், இழைகளைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. மேலேயிருக்கும் பூச்சு நன்றாகத்தான் இருக்கும், அது பிடித்துக்கொண்டிருந்த மரத்தோல்தான் பொடியாகியிருக்கும். உரிந்த செதிலின் அடியைப் பாருங்கள், சாம்பல்நிற நார் ஒட்டியிருக்கும்.

அந்தச் சாம்பல் நாரை 80, 120 எண் தாளால் முழுக்க எடுத்து, நல்ல மரநிறம் தெரிந்தபிறகே எதையும் பூச வேண்டும். அதற்குமுன் கதவின் பக்கவிளிம்பைப் பாருங்கள். தீத்தடுப்புக் கதவு என்ற முத்திரை இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், கதவை இழைக்கவோ வெட்டவோ செய்யாதீர்கள்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, படகுகளுக்குப் போடும் ஸ்பார் வார்னிஷ். வளைந்துகொடுக்கும், புற ஊதாத் தடுப்பும் உண்டு. குறைந்தது நான்கு கோட், முதல் கோட்டில் 20 விழுக்காடு ஒயிட் ஸ்பிரிட். அதோடு ஆண்டுக்கொரு முறை, உரியும் முன்னரே, லேசாகத் தேய்த்து ஒரு கோட். மற்றொன்று, நிறமி கலந்த வெளிப்புற மரஎண்ணெய். நிறமி வெயிலை மறைக்கும். படலமாகப் படியாததால் உரிய எதுவுமில்லை, மங்கினால் கழுவித் துடைத்து மேலே பூசலாம். எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே. படகு வார்னிஷின் பளபளப்பு வேண்டுமென்றால் ஆண்டுதோறும் உழைக்கத் தயாராக இருங்கள்.

மேற்குக் கதவுக்குக் காலைதான் நேரம். பிற்பகலில் சூடேறிய மரத்திலிருந்து காற்று விரிந்து வெளிவந்து குமிழியாகும். பத்து மணிக்கு ஆரம்பித்தால் இரவு கதவைச் சாத்தும்போது தொடுவதற்கு உலர்ந்திருக்கும். அப்போதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே, கேக் சுடும்போது அடியில் போடும் ஒட்டாத பேக்கிங் தாளை மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் பிய்த்துத் திறக்க வேண்டிவரும். கழற்றிப் பூசுவதானால் தாழ்வாரத்தில் கிடத்த வேண்டாம், அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும். கழற்றியதில் ஒரு நன்மை: கதவின் தலைப்பக்கமும் அடிப்பக்கமும் கைக்கு வரும். மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் உரசுவதற்குப் பாதிக் காரணம் பூசாமல் விட்ட அந்த இரண்டு விளிம்புகள்தாம்.

சில்லறைக் கேள்விகள்

*சப்பாத்திப் பலகைக்கும் காய் நறுக்கும் கட்டைக்கும் தேங்காய் எண்ணெய் தடவலாமா?* தடவலாம், சில வாரத்தில் சிக்குவாடை அடிக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் உணவுத்தரக் கனிம எண்ணெய், அதாவது லிக்விட் பாரஃபின், கெடாது. 200 கிராம் எண்ணெயில் 50 கிராம் தேன்மெழுகைச் சேர்த்து, வெந்நீரில் நிற்கும் கிண்ணத்தில் உருக்கி ஆறவைத்தால் பசையாகும். தடவி இரவு விட்டுத் துடையுங்கள். கத்தி படும் கட்டைக்கு வார்னிஷ் கூடவே கூடாது, சில்லு பெயர்ந்து சாப்பாட்டில் விழும்.

*மேசையில் வெள்ளை வட்டம், பூச்சட்டி இருந்த இடத்தில் கறுப்பு வட்டம்.* வெள்ளை, பூச்சுக்குள் மாட்டிய ஈரம். துணி போட்டு, மிதமான சூட்டில், நீராவி இல்லாத இஸ்திரிப்பெட்டியைச் சில விநாடி வைத்தெடுங்கள். மறையும்வரை சில முறை. கறுப்பு, மரத்துக்குள்ளேயே போன இரும்புக் கறை. பூச்சை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கிண்ணத்தில் அரை லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து முழுப் பலகைக்கும் தடவுங்கள். வட்டத்தில் மட்டும் தடவினால் அது வெளுத்த வட்டமாகும். உலர்ந்ததும் நன்றாகத் தண்ணீரில் துடைத்தெடுங்கள். இது நஞ்சு. கையுறை கட்டாயம், பிறகு தேய்க்கும்போது முகக்கவசமும்.

*ரப்பர் மர அலமாரியின் கீழே தினமும் மாவுபோல் பொடி.* வார்னிஷால் தீராது. 1 அல்லது 2 மில்லிமீட்டர் துளைகள் தெரிந்தால் மரத்துளைக்கும் வண்டு. உள்ளேயிருக்கும் புழு பூச்சின் அடியில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். போராக்ஸ் வகை மருந்து பூச்சைத் தாண்டி இறங்காது. பழைய பூச்சை எடுத்து, மருந்தை இரண்டு முறை ஊறவிட்டு, ஒரு வாரம் உலர்த்தியபின் பூசுங்கள். முதுகுப்பலகை, உள்மூலை என எல்லாப் பக்கமும் பூசினால், முட்டையிடத் திறந்த துளை தேடும் வண்டுக்கு இடமிருக்காது.

*மிச்ச வார்னிஷை என்ன செய்வது?* சிறிய கண்ணாடிப் புட்டிக்கு விளிம்புவரை மாற்றி மூடினால் எண்ணெய் வகை ஓராண்டு தாங்கும். பெரிய டப்பாவில் காலியிடத்துக் காற்றே அதை ஆடைகட்டவைக்கும். ஆடை கட்டியிருந்தால் வெட்டி எடுத்து, வடிகட்டிப் பயன்படுத்தலாம். உருண்டை உருண்டையாகத் திரிந்திருந்தால் பயனில்லை. மணலோ பூனை மண்ணோ கலந்து, காற்றோட்டமான இடத்தில் திறந்துவைத்துக் கெட்டியாக்கிக் குப்பையில் போடுங்கள். தொட்டியிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள், இங்கே மழைநீர்க் கால்வாய்களில் பெரும்பாலானவை நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகின்றன.